லொறியில் ஏறாதவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் நீளமாக எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் நானும் இங்கே சொல்லப்போவதில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; தோல் நானா என்றால் தெரணியகலைப் பக்கத்தில் ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் தெரியாதவர்கள் கிடையாது. சாரத்துக்குக் கீழே பட்டாளத்து பூட்ஸ், இடுப்பில் பட்டாளத்து பெல்ட், தோளில் உப்புச் சாக்கு. அவர் பாலத்தில் கால் வைக்கும் முன்னாலேயே காற்று வந்து செய்தி சொல்லிவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டால் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்று சுகம் விசாரிப்பார்.

அவர் லொறியில் ஏறமாட்டார். இதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் முதலில் தெரிந்த விஷயம். பஸ்ஸில் ஏறுவார், முச்சக்கரவண்டியில் ஏறுவார், ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வந்த மாட்டு வண்டியில்கூட ஏறிப் பார்த்தார். லொறி மட்டும் ஆகாது. உப்புப் போட்டு மடித்த தோல்களை ஏற்றிக்கொண்டு போக டவுனிலிருந்து லொறி வரும். பாலம் ஆள் நடக்கிற தொங்குபாலம் என்பதால் லொறி அக்கரையிலேயே நின்றுவிடும். தோல் கட்டுகளை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டுபோய் ஏற்றிக் கொடுப்போம். டிரைவர் ஒவ்வொரு முறையும், "நானா, முன்னுக்கு ஏறுங்க" என்பான். அவரும் ஒவ்வொரு முறையும், "நீ போய் இரி, நான் நடந்து வாறேன்" என்பார். மழை கொட்டினாலும் அப்படித்தான். படங்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க, லொறி போன வழியிலேயே நடந்துபோவார்.

"தோலுக்கு இருக்கிற புத்திகூட இந்த மனுசனுக்கு இல்ல. அது பேசாம ஏறிக்கிச்சு பாரு" என்று அம்மா சொல்லுவாள். லொறியில் போனால் அவருக்கு வாந்தி வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய வியாபாரம் இப்படி. அக்கரையில் சிங்கள கிராமத்தில் மாடு விழுந்தால் அவருக்கு ஆள் போகும். இக்கரையில் மாடசாமிக்கோ, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் கும்பிடுகிற கவ்வாத்து சாமிக்கோ ஆடு வெட்டினால் தோல் அவருக்கு. பதிலுக்குக் கருவாடு, டார்ச் பேட்டரி, சவர்க்காரம், கூர் மழுங்காத கத்தி என்று கொண்டுவருவார். சிங்களத்தில் பேரம் பேசுவார், தமிழில் திட்டுவார், பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடுவார். எந்தப் படலையிலும் நின்று அனுமதி கேட்டதில்லை. "ஆள் ஈக்கிதா?" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், உள்ளே வந்திருப்பார்.

ஆனால் எங்கள் லயத்தில் அவர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது எங்கள் காம்பராவில் மட்டும்தான். என் அப்பா தப்புப் பறை அடிக்கிறவர். மற்றத் தோட்டங்களில் காலையில் சங்கு ஊதுவார்கள். எங்கள் டிவிஷனில் சங்கு பழுதாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு எல்லோரையும் கூப்பிடுவது அப்பாவின் தப்புதான். விடிகிற நேரத்தில் அது கேட்டதும் தூக்கத்திலேயே கால் நடக்கத் தொடங்கிவிடும். தோலைத் தொடுகிறவனை ஊர் எந்த இடத்தில் வைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா தொட்டது காய்ந்த தோல், நானா தொட்டது பச்சைத் தோல். இருவருக்கும் அதனால்தான் அப்படி ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். அப்பாவின் தப்புக்குக் கன்றுத் தோல் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

தொண்ணூற்றிரண்டில் அவர் முதன்முதலாக வந்தபோது எங்களுக்கு அவர்மேல் நல்ல எண்ணம் இல்லை. பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர், அதுவும் வடக்கே ஏதோ எல்லைப் பக்கத்துக் காவல் முகாமில் இருந்தவர் என்று கேள்வி. அவர் வந்த அடுத்த மாதமே எங்கள் லயத்துப் பையன்கள் இரண்டு பேரைச் சந்தேகம் என்று சோதனைச் சாவடியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தது தோல்காரன்தான் என்று லயம் முழுக்கப் பேச்சு. நானும் பேசினேன், சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது யாரும் முகம் கொடுக்கவில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றவில்லை.

அவர் காரணம் கேட்கவில்லை. அன்றைக்குச் சேர்த்த பச்சைத் தோல்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு நேரே சாவடிக்குப் போனார். வாசலில் கட்டை இறக்கி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். பையன்கள் வெளியே வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றாராம். வெயில் ஏற ஏற ஈ மொய்த்திருக்கிறது. நாற்றத்தில் உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பட்டாளத்து ஆளை அடிக்கவும் கை வரவில்லை. சாயங்காலம் பையன்கள் இரண்டு பேரும் லயத்துக்கு நடந்து வந்தார்கள். பின்னால் தோல் கட்டோடு அவர்.

"நீங்கதானே புடிச்சுக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க" என்று அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"சொன்னவனை எனக்கு முன்னுக்கு வந்து சொல்லச் சொல்லுங்க அக்கா" என்றார். யாரும் போகவில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றினாள்.

அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே ஒரு சண்டை. அது எங்கள் கதவுக்குப் பின்னால் இருந்த மூட்டை பற்றியது. எண்பத்து மூன்று கலவரத்தில் லயம் எரிந்தபோது அப்பாவும் அம்மாவும் உடுத்த துணியோடு காட்டுக்குள் ஓடியவர்கள். அதற்குப் பிறகு அம்மாவின் கூறைச் சேலையில் ஒரு மூட்டை எப்போதும் கட்டியபடியே இருந்தது. மாற்றுத் துணி, பிறப்புப் பத்திரங்கள், ஒரு செம்பு, ஒரு சின்னப் பானை. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தது என்று ரேடியோ சொன்னால் அப்பா முதலில் தொடுவது அந்த மூட்டையைத்தான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லாக் காம்பராவிலும் ஒன்று இருந்தது. குழந்தைகள் அதன் மேல் ஏறி விளையாடினால் அடி விழும்.

நானா உள்ளே வந்ததும் பூட்ஸ் நுனியால் அந்த மூட்டையைத் தட்டுவார். "இன்னும் கட்டித்தான் ஈக்கிதா?"

"அது இருந்துட்டுப் போகட்டும் நானா. ஒங்களுக்கென்ன?"

"நீங்க இங்க குடியிருக்கீங்களா, இல்லாட்டி பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு ஈக்கீங்களா அண்ணே?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "ஓடுனவனுக்குத்தான் தெரியும்" என்பார். அதைக் கேட்டால் நானா பூட்ஸைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். தேத்தண்ணியைக் குடிக்காமலேயே எழுந்து போன நாட்களும் உண்டு.

அக்கரையில் மரம் அறுத்து விற்கிற மரக்காலை முதலாளி ஒருவன் இருந்தான். எங்கள் லயம் இருந்த சரிவும் ஆற்றோரமும் அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. நாங்கள் போய்விட்டால் அது சும்மா கிடக்கும், சும்மா கிடப்பது தனக்கு வரும் என்பது அவன் நினைப்பு. கொழும்பில் பெரிதாகக் குண்டு வெடித்த ஒரு வாரத்தில் அவனுக்குக் காலம் கனிந்தது. எனக்கு அப்போது கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளை. பிற்பகல் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போது அக்கரைப் பையன் ஒருவன், எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறவன், ஓடி வந்து, "போங்க, போங்க, வாறாங்க" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே திரும்பி ஓடினான்.

இனி என்ன? கூடைகளைப் போட்டது போட்டபடி எல்லோரும் ஓடினோம். மூட்டை, பிள்ளை, கோழி. மேலே இறப்பர் மலைக்குள் ஏறிவிட்டால் அக்கரைக்காரர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. ஆண்கள் கவ்வாத்துக் கத்தியையும் எடுத்துக்கொண்டார்கள். சண்டைக்கு இல்லை. கத்தி தோட்டத்துச் சாமான், தொலைந்தால் கணக்கப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? உயிர் போகிற நேரத்திலும் எங்கள் சனத்துக்கு அந்தப் பயம் போகாது.

என்னால் ஏற முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்து மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் அப்பாவும் நின்றுவிட்டார். ஒரு தோளில் மூட்டை, ஒரு தோளில் தப்பு. அப்போதுதான் பார்த்தோம், நானா பாலத்தின் நடுவில் தோல் கட்டைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கே போயிருக்கிறார். மடியில் தோல் சீவுகிற கத்தி.

"அண்ணே!" என்று அங்கிருந்தே கத்தினார். "ஓடாதீங்க. தப்பை அடிங்க."

"என்னாத்துக்கு?" என்று கேட்டார் அப்பா.

"லயத்துல ஆள் ஈக்கிதுன்னு தெரியட்டும். எதையாச்சும் அடிங்க!"

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். தடி, மண்ணெண்ணெய்ப் போத்தல், முன்னால் மரக்காலை முதலாளி. பாலத்தின் அந்த முனையில் நின்றார்கள். நானா எழுந்திருக்கவில்லை. சிங்களத்தில், வழக்கமான பேரக் குரலில், "வாங்க மல்லி, வாங்க தம்பிமாரே. பாலம் தாங்காது, ஒவ்வொருத்தரா வாங்க. முதல்ல யாரு?" என்றார். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்கத் தொடங்கினார். உன் எருமை எப்படிச் செத்தது என்று ஊரில் சொல்லட்டுமா? உன் அம்மாவுக்கு மருந்தெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தது யார்? போத்தலோடு நின்ற ஒருவன் அதைச் சாரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நானா, விலகுங்க. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றான் முதலாளி.

"நான் ஒருதரம் விலகினவன். இனி ஏலாது" என்றார் நானா. அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பா அடிக்கத் தொடங்கினார். நானா கேட்டது சத்தம், அவ்வளவுதான். சாமி அடி அடித்திருக்கலாம், கல்யாண அடி அடித்திருக்கலாம். ஆனால் பயத்தில் அப்பாவின் கைக்கு வந்தது ஒரே ஒரு அடிதான். இருபது வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் அடித்த பெரட்டு அடி.

இறப்பர் மலைக்குள் ஒளிந்திருந்தவர்களுக்கு அது கேட்டது. அப்புறம் நடந்ததை அவர்களிடமே கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. பெரட்டுத் தப்பு கேட்டால் பிந்தக்கூடாது, பிந்தினால் அரைப் பேர், அரை நாள் கூலிதான். அது எலும்புக்குள் போயிருக்கிறது. ஒருவர் எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், பிறகு எல்லோரும் சரிவில் ஓட்டமாக இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் நின்றார்கள். பெண்கள் ஒரு வரிசை, கையில் கத்தியோடு கவ்வாத்து ஆண்கள் ஒரு வரிசை. கங்காணி மூச்சிரைக்க வந்து, "நேரா நில்லுங்கடா! அங்குட்டு என்ன கூட்டம்?" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகுதான் அவருக்கே பாலத்துப் பக்கம் கண் போனது. வாயை மூடிக்கொண்டார்.

அக்கரைக்காரர்கள் பார்த்தது என்ன? தப்புச் சத்தம், திடீரென்று மலையிலிருந்து ஒரு லயம் ஆள், பேச்சில்லாத வரிசை, சாயங்கால வெயிலில் மின்னுகிற கத்திகள். ஓடிப்போனவர்கள் என்று நினைத்தவர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். அது நாங்கள் தினமும் வேலைக்கு நிற்கிற நிற்பு என்பது அவர்களுக்குத் தெரியவா போகிறது? பின்னால் நின்றவர்கள் முதலில் கழன்றார்கள். முதலாளி கடைசியாகப் போனான்.

நானா பாலத்தில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அப்பாவோ, "பிழையா அடிச்சிட்டேன், பிழையா அடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் அம்மா மூட்டையை அவிழ்த்தாள். யாரும் சொல்லவில்லை. உள்ளே இருந்த சின்னப் பானையைக் கழுவி, அதிலேயே தண்ணீர் கொதிக்க வைத்து நானாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் தரையில் அவிழ்ந்து கிடந்த சேலையை எடுத்து மடித்து வைத்தார். அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

எல்லைக் கிராமம் ஒன்றில் அவர்களுடைய முகாம். சின்ன முகாம், பத்துப் பன்னிரண்டு ஆள். கிராமத்துச் சனம் சோறு கொண்டுவந்து கொடுக்கும், பிள்ளைகள் வந்து விளையாடும். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம் பெரிய முகாமுக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு. லொறி வந்தது. ஊர்ச் சனம் லொறியைச் சுற்றி நின்று, போகாதீர்கள் என்று கெஞ்சியது. ஒரு கிழவி அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏறினேன். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஊர் சின்னதாகிச் சின்னதாகிப் போச்சு. அடுத்த நாள் அதே லொறியில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினாங்க, ராத்திரி வெட்டுப்பட்டவங்களை அடக்கம் பண்ண." பானையைப் பார்த்தபடி சொன்னார். "அந்தச் சனம் சிங்களமா தமிழா சோனகமா என்று நீங்க கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அம்மா லொறியைப் பற்றிக் கேலி பேசியதில்லை. அந்தக் கூறைச் சேலை என் மகளுக்குத் தொட்டிலாயிற்று.

அவர் பாலத்தை மறித்த அந்த நாளுக்கு விலை இல்லாமல் போகவில்லை. இரண்டு வாரத்தில் டவுனில் இருந்த அவருடைய தோல் கொட்டில் எரிந்தது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. டவுனில் அவருடைய பள்ளிவாசல் ஆட்களே, "உனக்கு எதுக்கு இந்தத் தோட்டத்து வேலை? கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே" என்றார்கள். அவர் எரியாமல் மிஞ்சிய உப்புச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கமாக வருகிற அதே வியாழக்கிழமை எங்கள் லயத்துக்கு வந்தார். ஆளில்லாமல் கிடந்த கடைசிக் காம்பராவைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே குடியேறிவிட்டார்.

தோட்டத்துத் தொரை வந்து, வெளியாள் லயத்தில் இருக்கக்கூடாது என்றார். "வெளியாள் யாரு தொரை? நீங்க வந்து ஆறு மாசம். நான் வந்து ஆறு வருசம்" என்றார் நானா. தொரைக்கு முகம் சிவந்துபோனது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எங்களுக்கு உள்ளே குளிர்ந்தது. நாங்கள் யாரும் அந்தத் தொரையிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூக்கைப் பொத்திய பெண்கள்தான் முறை வைத்து அவருக்குக் கஞ்சி கொடுத்தார்கள். அவரோ உப்புக் குறைவு என்று குறை சொன்னார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன அன்று அக்கரையெல்லாம் பட்டாசு வெடி. கிரிபத் என்கிற பாற்சோறு கிண்டி ரோட்டில் வைத்துப் போகிற வருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. வடக்கே எங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாத நேரம் அது. அப்பா இறந்து இரண்டு வருஷம். கதவுக்குப் பின்னால் மூட்டை இல்லை. இருந்தாலும் என் கை அந்த இடத்தைத் தேடியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கொடி கட்டிய லொறி ஒன்று வந்து நின்றது. பையன்கள் இறங்கி, பாலத்தைக் கடந்து, மாலையோடு கடைசிக் காம்பராவுக்கு வந்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அவரைச் சீயா, தாத்தா என்று கூப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அழுதுகொண்டு ஓடி வந்து சொன்னானே, அவனும் அவர்களில் ஒருவன், மீசை வைத்திருந்தான்.

"சீயா, நீங்க அந்தக் காலத்து வீரர். லொறியில ஏறுங்க. டவுனைச் சுத்தி ஊர்வலம் போறோம்."

நானாவுக்கு அப்போது கால் சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மாலையைப் பார்த்தார், பாலத்துக்கு அப்பால் லொறியைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவுகளையும் பார்த்தார்.

"இந்தச் சனம் கதவைச் சாத்திக்கிட்டு ஈக்கிது. இதுகளை விட்டுட்டு நான் லொறியில ஏறணுமா?" என்றார். அவர்களுக்குச் சிங்களத்தில் ஒருமுறை, எங்களுக்குக் கேட்கத் தமிழில் ஒருமுறை. பிறகு என்னைப் பார்த்து, "புள்ள, பெரட்டு அடி" என்றார்.

பெண்கள் தப்பைத் தொடுவதில்லை. அப்பாவின் தப்பு ஆணியில் தூசி படிந்து தொங்கியது. நான் எடுத்தேன். அடிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன், ஆனால் பிறந்த நாளிலிருந்து கேட்டது கைக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு கதவு திறந்தது, பிறகு எல்லாம். எல்லோரும் வெளியே வந்து நின்றோம். வெடிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு வார்த்தை பேசாமல். நானா ஊன்றி ஊன்றி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். மீசைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். அவன் பாலத்துக் கயிற்றில் மாட்டிவிட்டுப் போன மாலையை அடுத்த நாள் எங்கள் ஆடு தின்றுவிட்டது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிய முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்து, அவர்கள் முறைப்படி குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றினார்கள். நாங்கள் தப்பு அடிக்கவில்லை. அவர் மார்க்கத்தில் அது இல்லை. உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைப் பாலம் கடத்தி அக்கரைக்குக் கொண்டுபோனபோது அங்கே லொறி ஒன்று பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. அடக்கம் பண்ணுகிற மையவாடி டவுனுக்கும் அப்பால், ஐந்து மைல்.

எங்கள் ஆண்கள் சந்தூக்கை இறக்கவில்லை. தோளை மாற்றிக்கொண்டு ரோட்டில் நடக்கத் தொடங்கினார்கள். அவரைச் சுமக்க அக்கரையிலிருந்தும் நாலு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் நாங்கள் பாலத்தோடு நின்றோம். பள்ளிவாசல் பெரியவர் ஒன்றும் புரியாமல் என்னிடம் வந்தார்.

"மழை வருது தங்கச்சி. லொறி ஈக்கிதே, ஏன் சுமக்கிறாங்க?"

"அவரு ஏற மாட்டாருங்க" என்றேன்.